காரைச் செஞ்சது நானுங்க

அந்தப் பையைச் சித்தெ மடியில வெச்சுக்குங்க தம்பி. ரெண்டு பேர் உக்கார்ற எடத்துல பைக்கு ஒரு ஆள் எடம்னா நான் எங்க உக்கார்றது? ம். இப்பச் சரி.

அன்னூருக்குத்தான் போறேன். மச்சினன் ஊட்டுல நிச்சயம், அவன் மகளுக்கு. ஆசைப்பட்டுப் போகலைங்க. போகலைன்னா ஒறம்பரை சனம் பூரா என்னையத்தான் பேசும். போறேன், தலையக் காட்டறேன், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமத் திரும்பி வந்தர்றேன். அப்படித்தான் நெனச்சுட்டுப் பஸ் ஏறியிருக்கறேன்.

என்ன கேட்டீங்க? இந்த வெயில்ல ஒரு காரெடுத்துட்டுப் போலாமேன்னா?

நல்லாக் கேட்டீங்க போங்க. கார். என்கிட்ட கார் இருந்துதுங்க. காசு குடுத்து ஷோரூம்ல வாங்குனதில்லை. நானே செஞ்சது. ஸ்போர்ட்ஸ் காரு. முழங்கால் உசரத்துக்கு, படுத்துட்டு ஓட்டற மாதிரி இருக்குமே, அது. சிரிக்காதீங்க. சிரிக்கறதுன்னா எந்திரிச்சு முன்னால போய் நின்னுட்டுச் சிரிங்க.

எங்க ஊரு கணபதியில என்ற கடை, சென்னியப்பன் மோட்டார்ஸ்னா தெரியாதவன் கெடையாது. கெணத்து மோட்டார் காயில் கட்டறது. இப்பக் கடையை விட்டாச்சு. மகளைத் திருப்பூர்ல குடுத்திருக்கறோம், பெரிய எடம், பனியன் கம்பெனி. அந்தச் சம்பந்தி ஊட்டுக் கல்யாணம் ஒண்ணுக்குப் போனப்பத்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. மண்டபத்து வாசல்ல ஒரு செவப்புக் காரு நிக்குது. எவனோ சம்பந்திக்குச் சொந்தக்காரப் பையனுதாம். சுத்தி ஒரே கூட்டம். நானும் போய்ப் பாத்தேன். பாத்தா தொடாம இருக்க முடியுமா? தகடா, பைபரான்னு இப்படி ஒரு தட்டுத் தட்டுனேன். அந்தப் பையன் சொல்றான், "பெரியவரே, கை படும், தள்ளி நில்லுங்க."

கை படுமாம். எத்தனை ஊரு மோட்டாரைப் பிரிச்சு மாட்டுன கை! பக்கத்துல சம்பந்தி நின்னுட்டிருந்தாரு. "அவரு நம்ம ஆளுப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்க? சிரிச்சாரு. பல்லுத் தெரியச் சிரிச்சாரு.

அன்னிக்கு வரும்போது பஸ்ஸுலயே நாயகிகிட்டச் சொல்லீட்டேன். நாயகி என்ற ஊட்டுக்காரி. செல்வநாயகி. "இதே மாதிரி ஒரு காரு நான் செய்யறேன் பாரு"ன்னேன். அவ சிரிக்கலைங்க. அதைச் சொல்லத்தான் வேணும். "நாமளும் அதுல எங்காச்சும் போலாமுங்களா?"ன்னு கேட்டா. "மொதல்ல ஆகட்டும்"ன்னேன். சாதாரணமாத்தான் கேக்கறாள்னு நெனச்சேன். அப்பவே உள்ளுக்குள்ள ஒரு திட்டம் போட்டுட்டா பாருங்க.

அவ தம்பிதான் கிட்டுசாமி. இந்த நிச்சய ஊட்டுக்காரன். அன்னூர்ல லேத்தும் வெல்டிங்கும் வெச்சிருக்கறான். கேட்டு, ட்ரெய்லர், தண்ணி வண்டி எல்லாம் பண்ணுவான். அப்ப என்ற மேல அவனுக்கு மரியாதை இருந்துது. கூப்புட்டு, இந்த மாதிரிக் காருன்னு சொன்னதும், "பண்ணீரலாமுங்க மாமா"ன்னான். எங்க ஊட்டுக்குப் பின்னால பழைய கடை ஷெட்டு சும்மா கெடந்துது. ஞாயித்துக்கெழமையானா வெல்டிங் மிசினைத் தூக்கீட்டு வந்துருவான். சாக்பீஸ்ல தரையிலயே முழு அளவுக்குக் காரை வரஞ்சு, அதுமேல சதுரப் பைப்பை வெச்சு வெட்டி ஒட்டி, அடிக்கூட்டை எழுப்புனான்.

நான் என்ன பண்ணுனேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நாற்காலியைப் போட்டு நடுவுல உக்காந்துக்குவேன். மேற்பார்வை. சும்மான்னு நெனைக்காதீங்க. விடியறதுல இருந்து பொழுதெறங்கற வரைக்கும் ஒரே எடத்துல உக்காந்து, அது கோணல், இது சாய்வுன்னு சொல்லீட்டே இருந்து பாருங்க, முதுகு போயிரும். அவனுக்கென்ன, குனிஞ்சு நிமுந்து வேலை செய்யறவன், ஒடம்பு கிண்ணுன்னு இருக்கும்.

மேல் கூடு செய்யறதுக்குச் சூசைன்னு ஒருத்தனைக் கூட்டியாந்தான். குளத்துல பசங்க மிதிச்சுட்டுப் போற அன்னப்படகு இருக்குதில்லீங்க, பைபர்ல? அதைச் செய்யறவன். அன்னப்படகு செய்யறவன் என்ற காருக்கு! களிமண்ணுல உருவம் புடிச்சு, அதுமேல பைபரை ஒட்டி எடுத்தான். மொதத் தடவை பாத்தா மூஞ்சி அன்னம் மாதிரியே இருக்குது. "ஒடைடா"ன்னேன். ஒடைச்சான். ரெண்டாந் தடவையும் எனக்குப் புடிக்கலை. எடுத்துட்டுப் போயிட்டு மூணாந் தடவை கொண்டாந்தான். அருமையா இருந்துது. நான் விரட்டலைன்னா அது வந்திருக்குமா? ரெண்டாவது பண்ணுனதையேதான் துணி மூடி வெச்சிருந்து திருப்பிக் கொண்டாந்தேன்னு இப்ப ஊரெல்லாம் சொல்லீட்டிருக்கறானாம். நன்றி கெட்டவன்.

நாயகி சோறாக்கிப் போடுவா. அதோட உள்ள போகமாட்டா. ஷெட்டு வாசப்படியிலயே நின்னு பாத்துட்டிருப்பா. "என்னக்கா, இப்படி வளைக்கட்டுமா?"ன்னு சூசை அவகிட்டக் கேப்பான். அவளும் சொல்லுவா. எனக்குப் புடிக்காதுங்க. கேக்கற எடம் நானில்லையா?

இன்ஜின் வந்த கதை கேளுங்க. அடிபட்டு ஒடஞ்சு கெடந்த காருல இருந்து எறக்குனது. முன்னால வேண்டாம், பின்னால வெச்சாத்தான் பாரம் சரியா நிக்கும்னு கிட்டுசாமி முதுகுப் பக்கமா வெச்சான். ஒரு நா, நான் சலூனுக்குப் போயிருந்தேன். முக்கால்வாசி சவரம் பண்ணியிருக்கான், எங்க ஊட்டுப் பக்கம் 'டுர்ர்'ங்குது. நொரையோட ஓடியாறேன். பாத்தா கிட்டுசாமி சாவியத் திருப்பி ஓட விட்டுட்டான்! சூசை விசிலடிக்கறான். நாயகி சிரிக்கறா, கண்ணுல தண்ணி வருது அவளுக்கு. கேசரி வேற கிண்டியிருக்கறா. என்ற காரு மொத மொத ஸ்டார்ட் ஆகறப்ப நான் சலூன் நாற்காலியில. "சும்மா செக் பண்ணுனோமுங்க மாமா, பத்திக்கும்னு எங்களுக்கே தெரியாது"ங்கறான். தெரியாமத்தான் கேசரி கிண்டுனாங்களாக்கும். அந்தக் கேசரியை நான் வாயில வைக்கலை.

இருந்தாலும் பொறுத்துட்டேன். அடுத்துத்தான் பெருசாப் பண்ணுனாங்க.

உடுமலைப் பக்கம் ஒரு எழவுக்குப் போயிட்டுச் சாயந்தரம் வர்றேன். ஷெட்டுக்குள்ள போனா, காருக்குள்ள ரெண்டு சீட்டு. பக்கத்துப் பக்கத்துல, ஒண்ணு மாதிரியே ஒண்ணு. நான் கேட்டது ஒரு சீட்டுங்க. நட்ட நடுவுல, ரேஸ் காரு மாதிரி. இவன் என்னைய ஓரமாத் தள்ளி வெச்சிருக்கறான்.

"யாரைக் கேட்டு வெச்சே?"ன்னேன்.

"அக்கா கேட்டுச்சுங்க மாமா."

நாயகி வாசப்படியில நிக்கறா. "ஏன், எனக்குச் சொல்ல மாட்டியா?"ன்னேன்.

"உங்ககிட்டக் கேட்டனுங்க. மொதல்ல ஆகட்டும்னீங்க. இப்ப ஆயிருச்சுங்களே."

"உனக்கெதுக்குடி ஸ்போர்ட்ஸ் காருல சீட்டு?"

"சும்மா பக்கத்துல உக்காந்து வரணும்னு தோணுச்சுங்க. இத்தனை வருசமா மொபட்டுல பின்னால ஒருச்சாஞ்சு உக்காந்து, மடியில மோட்டாரைப் புடிச்சுட்டே வந்துட்டேன். முன்னால ரோடு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு."

குத்திக் காட்டறா பாத்தீங்களா? கடை நடத்துன காலத்துல மோட்டாரை எடுத்துட்டு வர ஆள் வேண்டாமா? மடியில வெச்சா என்ன கொறஞ்சு போச்சு? அதை எத்தனை வருசம் மனசுல வெச்சிருந்து, தம்பியை விட்டு என்ற காருல பழி தீத்துட்டா.

கிட்டுசாமியை வெட்டியெடுக்கச் சொன்னேன். மாட்டேன்னான். என்ற மூஞ்சியப் பாத்து மொத மொத மாட்டேன்னான். "சீட்டை வேணும்னா கழட்டிக்கலாமுங்க மாமா. ஆனா அது உக்காந்திருக்கற குறுக்குப் பைப்பு இருக்குது பாருங்க, அது சீட்டுக்காக மட்டும் இல்லை. ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிச்சுட்டிருக்கறதே அதுதான்."

அக்காளுக்குச் சாதகமா ஒரு கதை. எனக்குத் தெரியாதா? கிரைண்டரை எடுத்தேன். சூசை, "அண்ணே, வேண்டாமுங்க"ன்னு கையப் புடிச்சான். ஒதறிட்டேன். வெட்டுனேன் பாருங்க, பொறி பறக்குது! சீட்டு, பைப்பு, எல்லாம் தனியா வந்துருச்சு. அத்தனை நாள்ல எல்லா வேலையும் அவனுக பண்ணுனானுக, ஒத்துக்கறேன். ஆனா அந்த வேலை மட்டும் முழுக்க முழுக்க என்ற கையாலயே பண்ணுனது. சொல்லிக்கலாமில்லீங்க?

நாயகி கிட்ட வந்தா. கீழ கெடந்த சீட்டை எடுத்து, இரும்புத் தூளைத் தட்டி, சொவுத்தோரமா நிமுத்தி வெச்சுட்டு உள்ள போயிட்டா. அழுதிருந்தாக்கூட ரெண்டு வார்த்தை சமாதானம் சொல்லியிருப்பேன். அழுதாத்தானே.

எங்க விட்டேன்? ஆங், ஓட்டுன நாள்.

சம்பந்தியத் திருப்பூர்ல இருந்து வரச் சொல்லீட்டேன். வேறென்னத்துக்குங்க செஞ்சது? வந்தாரு, கூட நாலு சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டு. எங்க ஊட்டுக்குப் பின்னால லேஅவுட் போட்டு, ஊடு வராத ரோடு ஒண்ணு நீளமா இருக்குது. அங்க கொண்டு போய் நிறுத்துனோம். செவப்புப் பெயிண்ட்டு, கண்ணைப் பறிக்குது. கிட்டுசாமி காதோரமா வந்து, "மாமா, ஒரு ஞாயித்துக்கெழமை குடுங்க, குறுக்க ஒரு பைப்பு மட்டும் போட்டுக்கறேன், இன்னிக்கு எல்லாருக்கும் காட்டுங்க, ஓட்ட வேண்டாம்"ங்கறான். சம்பந்தி வந்து நிக்கறப்ப ஓட்ட வேண்டாமாம்! நாயகி சேலைத் தலைப்பால காரு மூஞ்சியில இருந்த தூசியத் தொடச்சுட்டிருந்தா. "கை படும், தள்ளி நில்லு"ன்னேன். தள்ளி நின்னா.

ஏறி உக்காந்தேன். மொதல்ல மெதுவா. அப்புறம் மிதிச்சேன் பாருங்க தம்பி... அதை எப்படிச் சொல்றது. ரோடு அப்படியே வயித்துக்கடியில ஓடி வருது. காத்து மூஞ்சியில அறையுது. நான் கத்துனேன். என்ன கத்துனேன்னு தெரியலை. என்ற வயசுல அப்படி ஒரு சந்தோசம், சும்மா சொல்லக்கூடாது... பக்கத்துல யாராவது இருந்தா... சரி, அதை விடுங்க.

ரோட்டுக் கடைசியில திருப்பீட்டு வர்றேன். போறப்ப மெதுவாத் தாண்டுன அதே வேகத்தடை. ஏறி எறங்குச்சு. 'படீர்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். காரு நடுவுல மடிஞ்சு வயிறு ரோட்டுல உக்காந்துருச்சு. மூஞ்சி ஒரு பக்கம் பாக்குது, பின்னால ஒரு பக்கம் பாக்குது. கதவு ரெண்டும் இறுகிப் போச்சு. பொகை வருது. நான் உள்ள சிக்கிக்கிட்டேன். கிட்டுசாமியும் சூசையும் ஓடியாந்து, சூடான இன்ஜின் மேலயே ஏறி நின்னு, மேல தொறந்த வழியாக் கொழந்தையத் தூக்கற மாதிரி அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கி வெளிய விட்டாங்க. சம்பந்தி பாத்துட்டிருக்கறாரு. கூட வந்ததுல ஒருத்தன் போன்ல புடிக்கறான்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். "இதாடா உன்ற வெல்டிங்கு? என்னையக் கொல்லப் பாத்தியா?"ன்னு கிட்டுசாமியக் கேட்டேன். எல்லாத்து முன்னாலயுந்தான் கேட்டேன். சூசைதான் துள்ளுனான். "வெட்டுனது யாருங்கண்ணே?"ன்னான். "அன்னப்படகு செய்யற நாயி, எனக்குக் காரைப் பத்திச் சொல்றியா"ன்னேன். "அவனப் பேசாதீங்க மாமா, என்னையப் பேசுங்க"ன்னு கிட்டுசாமி குறுக்க வந்தான். "ரெண்டு பேரும் இதை எடுத்துட்டுப் போய்க் காயலாங்கடையில போட்டுட்டு, அப்படியே ஒழிஞ்சு போங்கடா"ன்னேன்.

நான் சொல்ல வந்தது அதில்லைங்க. அவனுக பேசுனது, நான் பேசுனது எல்லாம் ஆம்பளைகளுக்குள்ள வர்றது. நாயகி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்தா. உசுரு பொழச்சு நிக்கறது நானு. அந்தச் சொம்பை மொதல்ல யாருக்குக் குடுத்தா தெரியுங்களா? தம்பிக்கு. அவன் உள்ளங்கையைப் புடிச்சுத் தண்ணி ஊத்தறா. இன்ஜின்ல பட்டு வெந்து போச்சாம். தோலு உரிஞ்சு தொங்குச்சாம். சரிங்க, இல்லைங்கலை. ஆனா புருசன் ஒருத்தன் பக்கத்துல நிக்கறானில்லையா? ஒரு வாய் எனக்குக் குடுத்துட்டு அப்புறம் ஊத்தக் கூடாதா?

ஊட்டுக்கு வந்து அதைத்தான் கேட்டேன். வேறொண்ணும் கேக்கலை. "நீ யாரு பொண்டாட்டி?"ன்னு கேட்டேன். அவ அடுப்பை அணைச்சா. அப்புறம், "தம்பி கையில கட்டுப் போட்டிருக்கு, வேலை செய்ய முடியாது, போய்ப் பாத்துட்டு வர்றனுங்க"ன்னு பையை எடுத்துட்டுப் போனவதான். பாத்துட்டு வர்றனுங்கன்னா எப்ப வரணும்? நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் தைப்பூசம் வந்து போயிருச்சு, சித்திரைக் கனியும் போயிருச்சு. நான் கூப்புடலை. நானா போகச் சொன்னேன்?

காரையும் எடுத்துட்டுப் போயிட்டானுக. காயலாங்கடைக்கு இல்லை. அன்னூருக்கு. கோவத்துல ஒரு மனுசன் ஒழிஞ்சு போங்கன்னா, எடுத்துட்டே போயிர்றதா? அங்க வெச்சு நிமுத்தி, குறுக்கப் பைப்புப் போட்டு, அந்த ரெண்டாவது சீட்டையும் திருப்பி வெச்சிருக்கறானுக. சூசைகிட்டப் படகுக்கு வாங்குன பெயிண்ட்டு மிச்சம் இருந்துதாம், மஞ்சள் கலரு, அதை அடிச்சிருக்கறான். நான் ஆசையா அடிச்ச செவப்பு போச்சு. யாரு அடிச்சதுங்கறீங்களா? சூசைதான் அடிச்சான். கலரு சொன்னது நானில்லீங்களா?

இதெல்லாம் காதுல விழுந்துட்டே இருந்துது. ஒண்ணு மட்டும் விழலை. அதை இன்னிக்குக் காலையில கண்ணாலயே பாத்தேன்.

வெள்ளை வேட்டி கட்டீட்டு, போலாமா வேண்டாமான்னு வாசல்ல நிக்கறேன். 'டுர்ர்'னு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. தெருவுல இருக்கறவங்கல்லாம் வெளிய வந்துட்டாங்க. மஞ்சக் காரு வந்து என்ற ஊட்டு முன்னால நிக்குது. ஓட்டீட்டு வந்தது யாருங்கறீங்க? நாயகி. பட்டுச் சேலை கட்டியிருக்கறா, தலையில துண்டைச் சுத்தியிருக்கறா காத்துக்கு. டிரைவிங் ஸ்கூல் போய்ப் படிச்சாளாம். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

அந்தப் பக்கத்துக் கதவைத் தொறந்து விட்டா. "ஏறுங்க, போலாம். நிச்சயத்துக்கு நேரமாச்சு"ங்கறா. நேத்துத்தான் ஊட்டை விட்டுப் போனவ மாதிரி.

நான் சுத்தி அவ பக்கமாப் போய், "சாவியக் குடு"ன்னேன்.

"நான் ஓட்டறனுங்க. நீங்க இப்படி உக்காருங்க."

"என்ற காருடி இது."

"உங்க காருதானுங்க. யாரு இல்லைன்னா? உக்காருங்க."

தெருவே பாத்துட்டிருக்குது. எதிரூட்டுக்காரன் சிரிக்கறான். பொண்டாட்டி ஓட்டி, நான் பக்கத்துல கையக் கட்டீட்டு உக்காந்து, கணபதி தொட்டு அன்னூர் வரைக்கும் போறதா? "நான் பஸ்ஸுல வர்றேன்"ன்னேன். அவ இன்ஜினை நிறுத்தலை. கதவையும் சாத்தலை. எத்தனை நேரம்னு தெரியலை, எனக்குக் கழுத்தெல்லாம் வேத்துருச்சு. அப்புறம் அவளே எட்டிக் கதவைச் சாத்துனா. "சரிங்க. பாத்து வாங்க"ன்னுட்டு எடுத்தா. ஒரு குலுங்கல் இல்லைங்க. அலுங்காம எடுத்துட்டுப் போனா. அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

அதுக்கு நம்பர் கெடையாது, பேப்பர் கெடையாது. ரோட்டுல ஓட்டவே கூடாது. ஒரு போன் போட்டுப் போலீஸ்ல சொன்னாப் போதும். சொல்லலை. ஏன் சொல்லலைன்னா... சொல்லலை, விடுங்க.

போனதும் எல்லாத்து முன்னாலயும் கேக்கத்தான் போறேன். காரைச் செஞ்சது யாருன்னு கேக்கறேன். கிட்டுசாமியையும் கேக்கறேன், சூசை வந்திருந்தா அவனையும் கேக்கறேன். அவளை மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவளோட எனக்குப் பேச்சே இல்லை.

என்னங்க, அன்னூர் வந்துருச்சா? அதுக்குள்ளயேவா? சித்தெ நவுருங்க, எறங்கணும்...

இருங்க. இருங்க தம்பி. எந்திரிக்காதீங்க.

அதோ. பஸ் ஸ்டாண்டு வாசல்ல, பழக்கடைக்குப் பக்கத்துல. மஞ்சளா. பசங்க சுத்தி நிக்கறாங்க பாருங்க, அதுதான். துண்டை அவுத்துட்டாளா? ஒரு பஸ் விடாம அண்ணாந்து பாத்துட்டிருக்கறாளே. நிச்சய ஊட்டுல ஆயிரம் வேலை கெடக்குது, இவளை யாரு இங்க வந்து நிக்கச் சொன்னது? ஊரே பாக்க, பஸ்ஸுல இருந்து எறங்கி அதுல போய் ஏறுவேன்னு நெனச்சுட்டாளா?

கண்டக்டர்! எறங்கலை, எறங்கலைங்க. நீங்க விசிலடிங்க. சத்தியமங்கலத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஆமா, சத்திக்குத்தான். சத்தியில ஒரு சோலி இருக்குது.

தம்பி, நீங்க சித்தெ இந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க, என்னைய மறைக்கற மாதிரி. ம், அப்படித்தான். கெளம்பியாச்சா? பழக்கடையத் தாண்டியாச்சா?

இப்பத் திரும்பிப் பாருங்க. நான் திரும்ப முடியாது. நீங்க பாருங்க. அவ இந்த பஸ்ஸைத்தான் பாக்கறாளா? என்னையப் பாத்துட்டாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி.